சம்பந்தி கொடுத்த எண்ணெய்

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் அரைக்கால் சட்டை போட்டதில்லை. ஐந்தாவதோடு நின்றவன் நான். அதற்கப்புறம் வீட்டில் லுங்கி, வேலைக்குப் பேண்ட். குயிலாப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில், உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த கறுப்பு அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தேன். லுங்கியை மடித்துக் கட்டினால் இதைவிட அதிகமாகக் கால் தெரியும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் தாழ்ப்பாளை நீக்கக் கை வரவில்லை. வெளியிலிருந்து, எங்களைச் சைக்கிளில் கூட்டிப்போகும் கைடு தம்பி, "அண்ணா, ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். வீடு வானூருக்குப் பக்கத்தில். வேலை பெரும்பாலும் குயிலாப்பாளையத்தைச் சுற்றித்தான் கிடைக்கும். அங்கே யாராவது எப்போதும் வீடு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். என் பழைய சைக்கிளில் கரணையையும் ரப்பர் சுத்தியலையும் கட்டிக்கொண்டு முந்திரித் தோப்பு வழியாகப் போகும்போது, பெரிய டயர் போட்ட சைக்கிள்கள் வரிசையாக என்னைத் தாண்டிப் போகும். செம்மண் பள்ளத்தில் சறுக்கி இறங்கி, அந்த வேகத்திலேயே எதிர்ப்பக்கம் ஏறி மறைந்துவிடும். நான் ஓரமாக ஒதுங்கி நின்று பார்ப்பேன். பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருமுறை ஏற வேண்டும் என்கிற ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. மகளைக் கட்டிக் கொடுத்தவனுக்குச் சைக்கிள் ஆசை என்றால் சிரிக்க மாட்டார்களா.

சென்னையில் வேலை செய்கிற மகன் ஒருநாள் போனில், "உனக்கு இன்னாப்பா வேணும், வாயத் தெறந்து ஒண்ணாவது கேளேன்" என்று விடாமல் கேட்டபோது வாய் தவறி வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே எனக்கு இடம் போட்டுவிட்டான். கைடு ஒருவரோடு மூன்று நாள் மேடு பள்ளமெல்லாம் சைக்கிளில் சுற்றி வருவது, கடைசி நாள் பாறைக் குன்றில் ஏறி இறங்குவது.

"கூட யாரு வர்றாங்க?" என்று கேட்டேன்.

"நம்மாளு யாரும் இல்ல. நீ மட்டும்தான். அந்த மாதிரி தனியா வர்றவங்கள எல்லாம் ஒண்ணா சேத்துக்கினு போவாங்கப்பா."

வேலைக்குத் தவிர நான் எங்கேயும் தனியாகப் போனதில்லை. கல்யாணமோ சாவோ, என் மனைவி முன்னால் போவாள், நான் அவள் பின்னால் போவேன். பேச வேண்டியதை அவள் பேசுவாள்.

ஆனால் அவள் பயந்தது வேறொன்றுக்கு. மகன் போனில் அனுப்பியிருந்த வழியைப் படிக்கச் சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிரம்மதேசம் என்று படித்ததும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அங்கதான நம்ம பொண்ணு வூடு."

"ஊருக்குள்ள போவாது. ஏரிக்கரை மேலயே அந்தாண்ட போயிடும்."

"எதுக்கும் மூஞ்ச மூடிக்கினு போ. நீ சைக்கிள் மிதிக்கிறத சம்பந்தி பாத்துட்டாருன்னா அவளுக்குத்தான் பேஜாரு."

மகளைக் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். சம்பந்தி நல்ல மனுஷர். நாலு பேர் கூடிய இடத்தில் அவர் குரல்தான் கேட்கும். நிச்சயதார்த்தத்தன்று, "பொண்ணோட அப்பாவே படிக்கட்டும், அதான் மரியாத" என்று சொல்லி, முகூர்த்தப் பத்திரிகையை என் கையில் கொடுத்தார். மரியாதைக்குத்தான் கொடுத்தார். சபை நடுவில் நின்று நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன். மாப்பிள்ளையுடைய தாத்தாவின் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து யாரோ அதை எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போக எனக்குக் கால் எழவில்லை. முன்பு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது தண்ணீர் குடித்ததோடு சரி. சம்பந்தம் முடிவாகும் முன் கை நனைக்கக் கூடாது என்று அன்று யாரும் சாப்பிடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள், ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள், சும்மா ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் என் மனைவி மட்டும் போய், "அவருக்கு முட்டி வலிங்க, பஸ்ஸு ஏற முடியல" என்று சொல்லிவிட்டு வந்தாள். டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு முட்டி வலி என்றால் யார் சந்தேகப்படுவார்கள். வலி இல்லாமலும் இல்லை. நாளெல்லாம் முட்டி போட்டு வேலை செய்கிறவன். ஆனால் பஸ் ஏற முடியாத அளவுக்கு வலி இல்லை. மகளும் அங்கே அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

சம்பந்தி நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை. எங்கேயோ ஒரு வைத்தியரிடம் விடியற்காலையில் போய் நின்று எண்ணெய் வாங்கி, மகளிடம் கொடுத்து அனுப்பினார். பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி, வாயைத் துணி வைத்து இறுக்கி அடைத்திருந்தது. அதை நான் திறக்கவே இல்லை. அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விளக்கேற்றும்போதெல்லாம் கண்ணில் படும்.

சைக்கிள் கடை வாசலில் எங்களை வட்டமாக நிற்க வைத்து, ஒவ்வொருவரும் எதற்காக வந்தோம் என்று சொல்லச் சொன்னார் கைடு தம்பி. முப்பது வயதுக்காரர், எல்லாரையும் சிரிக்க வைத்தே வேலை வாங்குகிறவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்கள் இரண்டு பேர். இருவரும் சிநேகிதர்கள். அப்புறம் சென்னையிலிருந்து ஓர் அம்மா, அறுபது தாண்டியவர், என்னைப் போலவே தனியாக வந்தவர். அவர்கள் எல்லாரும் நிறையச் சொன்னார்கள். என் முறை வந்ததும், "சும்மா வந்தேங்க" என்றேன்.

"நானும் சும்மாதான் வந்தேன்" என்று அந்த அம்மா கையை நீட்டினார். ஒரு பெண்ணுக்குக் கை கொடுத்துப் பழக்கமில்லாததால் நான் கும்பிட்டேன். அவரும் நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டார். பையன்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அண்ணா, அந்தத் துண்ட அவுத்துடுங்க" என்றார் கைடு தம்பி. "செயின்ல மாட்டிக்கும்."

அவிழ்த்தேன். என் தொடை இவ்வளவு வெளுப்பு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்று காலை அந்தச் செம்மண் பள்ளத்தில் நானும் இறங்கினேன். எதிர்மேட்டில் ஏறி நின்றபோது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்திருந்தது. சின்னப் பிள்ளை ஊஞ்சலில் போடும் சத்தம். யாராவது வேலைக்கு வந்த ஆட்கள் பார்த்தார்களா என்று முந்திரித் தோப்பைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை.

சாயங்காலம் ஏரிக்கரை ஒன்றின் மேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பெரியவர் மாடு ஓட்டிக்கொண்டு வந்தார். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் கை தானாக பிரேக்கைப் பிடித்தது, கால் தானாக இறங்கிவிட்டது. பெரியவர்கள் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பது எனக்குச் சிறு வயதிலிருந்து பழக்கம். எனக்குப் பின்னால் வந்த பையன் என்மேல் மோதினான். இரண்டு பேரும் இரண்டு சைக்கிளோடு கரைச்சரிவில் உருண்டு வேலிக்காத்தான் செடியில் போய் விழுந்தோம்.

நான் யாருக்காக இறங்கினேனோ அந்தப் பெரியவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்பா, கண்ணு இன்னா பின்னாலயா கிது? போய்க்கினே இருக்கிறவன் நடுவுல நின்னா இன்னா அர்த்தம்?"

பையனுக்கு முழங்கையில் தோல் போயிருந்தது. "பரவால்ல அங்கிள்" என்று அவன் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அண்ணா, கலெக்டரே எதிர்ல வந்தாலும் எறங்காதீங்க" என்றார் கைடு தம்பி, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. "பின்னாடி ஆள் வர்றாங்கன்றத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க."

மறுநாள் திண்டிவனம் பக்கம். புழுதிக்கென்று எல்லாருக்கும் முகத்தில் மாட்டும் துணி ஒன்று கொடுத்திருந்தார்கள். காலையிலிருந்தே அதை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டு, ஹெல்மெட்டுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். புறப்படும்போது கைடு தம்பி சொன்னார்: "வழக்கமா மதியம் சாப்பிடற வூட்ல ஒரு சாவு. அதனால பக்கத்து ஊர்ல வேற வூடு சொல்லி வெச்சிருக்கேன். கேப்பைக் களி, கருவாட்டுக் கொழம்பு. அசல் கிராமத்துச் சாப்பாடு."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறியபின் பிரம்மதேசம் தாண்டி ஏரிக்கரையில் போனோம். நேராகப் போக வேண்டிய இடத்தில் அவர் கரையை விட்டுக் கீழே இறங்கினார். பம்புசெட் கொட்டகை, அதற்கப்புறம் தண்ணீர் டேங்க், அதை ஒட்டி ஒரு புளியமரம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன வழி அது.

"தம்பி, எனக்குப் பசியில்ல. நான் இந்த மரத்தாண்டயே நிக்கிறேன், நீங்க சாப்ட்டு வாங்க."

"ஒடம்புக்கு இன்னாண்ணா? இந்த வெயில்ல நின்னா மயக்கம்தான் வரும். ஒரு வாய் மோராச்சும் குடிச்சிட்டு வாங்க. ஜல்தியா கெளம்பிடலாம்."

எதிர்த்துப் பேசிப் பழகியிருந்தால் நான் ஏன் அந்த நிலைமைக்கு வருகிறேன். ஊரில் எத்தனையோ வீடு இருக்கிறது, எந்த வீடோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். கைடு தம்பி அந்த வீட்டு வாசலில்தான் சைக்கிளைச் சாய்த்தார்.

சம்பந்தி வெள்ளை வேட்டியில் வாசலில் நின்று எல்லாரையும், "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார். என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்றார். நான் தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன். வீட்டுக்கு முன்னால் மல்லாட்டை காயவைக்கும் தகரக் கொட்டகையில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. ஓரத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முட்டி மளுக்கென்றது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியையும் கழற்றவில்லை. முகத்துணியை மட்டும் வாய் தெரிகிற அளவுக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா குரல் கேட்டது. "அந்த ஆளு இன்னா, தலையில சட்டியக் கவுத்துக்கினே சாப்ட உக்காந்துட்டாரு?"

"சும்மா இரு. அவுங்க ஊருப் பழக்கம் அப்பிடி இருக்கும்" என்றார் சம்பந்தி.

களிப் பானையோடு வெளியே வந்தது என் மகள். பையன்கள் இலையில் வைத்தாள், அந்த அம்மா இலையில் வைத்தாள். பிறகு என் இலைக்குக் குனிந்தாள். காற்றில் இலை பறக்காமல் நான் இடது கையால் ஓரத்தைப் பிடித்திருந்தேன். அந்தக் கையின் கட்டைவிரலில் நகம் கிடையாது. சுத்தியல் பட்டுப் போனது, அப்புறம் முளைக்கவில்லை. சின்ன வயதில் அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். களியை அள்ளிய கரண்டி என் இலைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு களி இலையில் விழுந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

சம்பந்தி இலை இலையாக வந்து விசாரித்தார். பெங்களூரா, மழை உண்டா, அம்மா நீங்களும் சைக்கிளா, பலே. கடைசியில் என்னிடம் வந்தார். "சாருக்கு எந்த ஊரு?"

என் வாயில் களி இருந்தது. அந்த அம்மா எனக்கு உதவி செய்வதாக நினைத்து, "இவர் உங்க பக்கத்துக்காரர்தான். வானூர். ரொம்பக் கூச்சம், பேசவே மாட்டார். ஆனா நேத்து அந்த மேடெல்லாம் எங்களுக்கு முன்னாடி ஏறிட்டார்" என்றார்.

"வானூரா? எங்க சம்பந்திகூட அங்கதான். டைல்ஸ் வேல." சம்பந்திக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டார். "நல்ல மனுஷன். ஆனா பாவம், முட்டி போயிடுச்சு. பஸ்ஸு படி ஏற முடியல. கல்யாணம் ஆன நாளா இந்த வூட்ல ஒரு வாய் சோறு சாப்டல. காலு மட்டும் நல்லா இருந்திச்சின்னா இந்நேரம் நூறு வாட்டி வந்திருப்பாரு. நீங்க பாத்திருப்பீங்களே அவர?"

அவருக்குப் பின்னால் என் மகள் குழம்புச் சட்டியோடு வந்து நின்றாள். என்னையே பார்த்தாள். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டு முடித்துக் கிளம்பிப் போய்விடலாம். அதற்கப்புறம் இந்த மனுஷரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் அல்லவா தினமும் இந்த வீட்டில் சமைக்க வேண்டும். என்றைக்காவது அந்தக் கைடு தம்பி மூலமாகவோ வேறெப்படியோ தெரியவந்தால், அப்பன் முகமூடி போட்டு வந்ததைத் தெரிந்தே மறைத்தவள் என்று அவளுக்குத்தானே பெயர்.

ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தேன். தாடைக்குக் கீழே இருந்த பூட்டு ஒரு கையால் திறக்கவில்லை. மற்றொரு கை முழுக்கக் களி. அந்த அம்மாதான் குனிந்து அதை விடுவித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். "நான்தாங்க" என்றேன்.

சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முட்டியைப் பார்த்தார். அரைக்கால் சட்டையில் இரண்டு முட்டியும் நன்றாகத் தெரிந்தன.

"ஐயோ, சம்பந்திக்கா களி போட்டோம்" என்று வாயில் அடித்துக்கொண்டு சம்பந்தியம்மா வெளியே ஓடி வந்து, அதே வேகத்தில் உள்ளே ஓடினார். சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. சம்பந்தி என் இலையைப் பார்த்தார். கைடு தம்பியைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவர் முகம் சிறுத்துப்போனது. எனக்கு அப்போது அது கோபம் என்றுதான் பட்டது.

வேலிக்கு வெளியே, சைக்கிள்களைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்து ஜனங்கள் நின்றிருந்தார்கள். சம்பந்தி எழுந்து அவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? நான் சொன்னா கேட்டீங்களா?" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரே பாட்டிலு எண்ண. பஸ்ஸு ஏற முடியாத மனுஷன், வானூர்ல இருந்து சைக்கிள் மிதிச்சிக்கினு வந்து நிக்கிறாரு. எங்க சம்பந்தி."

வேலியைத் திறந்துகொண்டு ஜனம் உள்ளே வந்துவிட்டது. ஓர் அம்மாள் என் முட்டியைத் தொட்டே பார்த்தார். "எத்தினி நாளு தடவுனீங்க?" என்றார். "சுட வெச்சா, அப்பிடியேவா?" என்றார் இன்னொருவர். "காலையிலயா, ராத்திரியிலயா?" அந்த எண்ணெய் என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது. அரைக்கால் சட்டையோடு, கையில் களியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ராத்திரியிலதான்" என்றாள் என் மகள், என் பின்னாலிருந்து. "இளஞ்சூடா சுட வெச்சி எங்கம்மா தேச்சி வுடும். தெனமும்."

நான் தலையை ஆட்டினேன். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சம்பந்தி உள்ளே போய் ஒரு வேட்டி எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "கட்டிக்கோங்க சம்பந்தி. உக்காருங்க. எலையில இருந்து எழுந்திரிக்கக் கூடாது." கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சோறும் அப்பளமும் பொரித்த முட்டையும் அவசர அவசரமாக என் இலைக்கு மட்டும் வந்தன. மற்றவர்கள் களியைத் தின்றுகொண்டிருக்க நான் சோறு தின்றேன். நான் சாப்பிடும் வரை சம்பந்தி என் பக்கம் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். மகள் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"அந்த பாட்டிலத் தெறந்தியாப்பா?"

"இல்லம்மா."

"தெரியும்." கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். "மாமா மூஞ்சி ஏன் அப்பிடிப் போச்சி தெரியுமா? ஊருக்கு வர்றவங்களுக்கு சமைச்சிப் போட்டு காசு வாங்கப் போறத உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாரு. சோத்த விக்கிற வூடுன்னு சம்பந்தி நெனச்சிடுவாராம். மொதல் தபா இன்னிக்குத்தான் சமைச்சோம். அதுக்கு நீ வந்து உக்காந்துகினு கிற."

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவ ஒன்றும் மீதியில்லை.

"அது போவட்டும்ப்பா. இங்க சாப்பாடுன்னு அந்தண்ணன் முடிவு பண்ணலன்னா, மூஞ்ச மூடிக்கினு என் வூட்டுக்குப் பின்னால ஏரிக்கரையிலயே போயிருப்ப இல்ல?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். துண்டைத் தேடினேன். அவள் தன் முந்தானையை நீட்டினாள்.

புறப்படும் நேரத்தில் அந்த வேட்டியை அத்தனை பேர் முன்னால் அவிழ்க்க வேண்டியிருந்தது. செயினில் மாட்டும் என்று எனக்கே தெரியும். மடித்து மகளிடம் கொடுத்தேன். சம்பந்தி ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வாங்க சம்பந்தி. பஸ்லயே வாங்க" என்றார். பஸ்ஸில் என்று அவர் சொன்னது குத்தலா, அக்கறையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எண்ணெயைப் பற்றி அவர் நிஜமாகவே அப்படி நம்பினாரா என்பதும் தெரியாது.

அந்தத் தெருவில் ஏறி மிதிக்க எனக்கு மனம் வரவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் பையன்களும் அந்த அம்மாவும் கைடு தம்பியும்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. புளியமரம் தாண்டித்தான் ஏறினோம்.

மூன்றாம் நாள் குன்று. எதற்காகப் பல வருஷம் ஆசைப்பட்டேனோ அந்த இறக்கம் அங்கே இருந்தது. பாறைகளுக்கு நடுவே கீழே வரை ஒரே வேகம். இறங்கினேன், விழவில்லை. கீழே வந்து நின்றபோது சந்தோஷமாக இருந்ததா என்று யோசிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன், மேலே ஏறும்போது மூச்சு வாங்க ஒரு நிழலில் உட்கார்ந்திருந்த இடத்தில், அந்த அம்மா தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டிருந்தார்.

"அந்த எண்ணெய் எங்க கிடைக்கும்? எனக்கும் ஒரு பாட்டில் வாங்கணும்."

"நான் அதத் தெறக்கவே இல்லீங்க" என்றேன். மூன்று நாளில் நானாக அவரிடம் சொன்ன முதல் விஷயம் அது.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "அப்போ உங்க பொண்ணு சொன்னது?"

"எனக்காகச் சொல்லிச்சிங்க."

"எங்கப்பா அப்படி வந்து உட்கார்ந்திருந்தா நான் உள்ள போய் ஒளிஞ்சிருப்பேன்" என்றார். பிறகு தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த அன்று, சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்துத் துணியைப் பிடுங்கினேன். பச்சை நிறம். இலையும் மிளகும் சேர்ந்த காட்டமான வாசனை வீடெல்லாம் பரவியது. மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்க் கரண்டியில் எண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். இளஞ்சூடாக. அதற்கப்புறம் தினமும் ராத்திரி.

ஞாயிற்றுக்கிழமை பேண்ட் போட்டுக்கொண்டு, பழமும் பூவும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். அந்த வீட்டில் வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். சம்பந்தி எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். நான் சாப்பிடுவதை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சாப்பிட முயற்சி செய்தேன், பாதிதான் இறங்கியது. மகள் ரசம் ஊற்ற என் இலைக்குக் குனிந்தபோது சம்பந்தி கேட்டார்.

"எண்ண தீந்துடுச்சா சம்பந்தி? இன்னொரு பாட்டிலு வாங்கி வெக்கட்டுமா?"

மகளின் கை நின்றது.

"இன்னும் முக்கால் பாட்டிலு கிதுங்க" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரசத்தை ஊற்றினாள்.